தமிழில் நாலு வசனம்

எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ
14.01.2006

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை சத்தியபாமா எழுதுவது. இங்கு நானும் அவரும் மகள் துஷ்யாவும் நல்ல சுகம். நீங்களும் நிலானியும் அதேபோல இருப்பீர்கள் என்ற நினைப்பில் இதைத் தொடங்குகிறேன்.

நிலானிக்குத் துரொண்ட்ஹெய்மில் ஒரு சம்பந்தம் பொருந்தி வருகிறது என்று போனில் சொன்னீர்கள். போன் கடையில் உங்களுக்குப் பின்னால் நின்றவர் இருமிய இருமலில் மாப்பிள்ளையின் பெயர் என் காதில் விழவில்லை. வரிசையில் நிற்கிற கொக்குவில் முழுவதும் கேட்கிற இடத்தில் எதைக் கதைப்பது. கடிதத்திலேயே எழுதுங்கள்.

நான் துப்புரவு வேலை செய்கிற இசைமண்டபத்தில் கார்த்திகை மாதம் ஒரு பாட்டுக்காரியைப் பழக்கம் பிடித்தேன். மரீசா என்று பெயர். சிலி நாட்டுக்காரி. ஒன்பது வயதில் தாய் தகப்பனோடு அகதியாக வந்து இறங்கியவ. அன்று காலில் செருப்பு, வெளியே பனி என்று சொல்லிச் சிரிப்பா. தாய் கந்தோர்களில் தரை துடைத்துத்தான் வளர்த்தவவாம். மரீசாவின் முதற்பாட்டே தாயின் தூசி உறிஞ்சும் மெஷினைப் பற்றியது. அது இங்கே ஒரு கோடை முழுவதும் ரேடியோவில் ஓடியது. ஸ்பானிய மொழியில் பாடுவா, நடுவில் நோர்வேஜியனில் ஒரு வரி போடுவா. தாளத்தைக் கேட்டால் துடைப்பத்தோடு நிற்கிற எனக்கே இடுப்பு அசையும். சொற்களைக் கேட்டால் செத்தவீடு.

மூன்று வருடத்துக்கு முன் அவவுக்கு மார்பில் புற்றுநோய் வந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். வெளியில் சொல்லவேண்டாம், நோயாளியின் பாட்டுக்கு யார் ஆடுவார்கள் என்று பாட்டுக் கம்பனிக்காரர் மறித்தார்களாம். அவ மொட்டைத் தலையோடு மேடையேறி எல்லாருக்கும் சொன்னா. இப்போது ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறா, நடுவில் பாட்டை நிறுத்திப் பெண்களைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறா. அவவின் உடுப்பு மாற்றும் அறைக்குள் நான் போனபோது பொய்முடி ஆணியில் தொங்கியது. பூனை என்று நினைத்துத் துடைப்பத்தை ஓங்கிவிட்டேன். அப்படித்தான் சிநேகிதம்.

என்னிடமும் கேட்டா, "நீங்கள் எப்பவாவது தொட்டுப் பாத்தனீங்களோ?" என்று. நான் இல்லை என்றேன்.

அக்கா, இங்கே டாக்டர் ஒரு படிவம் தந்திருக்கிறார். நாற்பது தாண்டினவர்களுக்கு எல்லாம் கொடுப்பதுதான். அம்மா என்ன வருத்தத்தில் போனவ என்று ஒரு கேள்வி. 1990இல் நீங்கள் எழுதியபடி காய்ச்சல் என்று போட்டிருக்கிறேன். சரிதானே.

அன்புத் தங்கை,
பாமா

*

கொக்குவில்
19.02.2006

அன்பின் பாமா,

உன் கடிதம் கிடைத்தது. கடவுள் கிருபையில் நாங்கள் இருவரும் சுகம். நீங்கள் மூவரும் குளிருக்கு அடங்கிச் சுகமாக இருங்கள்.

மாப்பிள்ளையின் பெயர் இந்திரகுமார். துரொண்ட்ஹெய்மில் ஏதோ மீன் கம்பனியில் எஞ்சினியர். சாதகம் எட்டுப் பொருத்தம். தாய் நேரில் வந்து பார்த்தா. நல்ல மனுஷிதான், ஆனால் விசாரணை பொலிஸ்காரர் மாதிரி. குடும்பத்தில் சலரோகம் இருக்கோ, மனவருத்தம் இருக்கோ, புற்றுநோய் இருக்கோ என்று விரல் மடித்துக் கேட்டா. ஒன்றும் இல்லை என்று சொன்னேன். உன்னை வந்து விசாரித்தாலும் அதைத்தான் சொல்லவேண்டும்.

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அப்போதே எழுதினேன்தானே. பதினாறு வருடம் கழித்து அதை ஏன் கிண்டுகிறாய். நோர்வேக்காரருக்கு வேறு வேலை இல்லையா.

அந்தப் பாட்டுக்காரியோடு அளவாக வைத்துக்கொள். தன் உடம்பைப் பற்றி மேடையில் சொல்கிறவளுக்கு மறைக்க ஒன்றும் இராது. எங்களுக்கு அப்படியில்லை.

இப்போது கிணற்றில் தண்ணீர் அள்ளுவது நிலானிதான். போகப்போகிற பிள்ளை, பழகட்டும் என்று விட்டிருக்கிறேன்.

உன் அக்கா,
சரோஜாதேவி

*

எல்லிங்ஸ்ருட்
22.03.2006

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். உங்கள் இருவரின் சுகத்தையும் எழுதுங்கள்.

எழுத்துச் சரிந்து கிடக்கிறதென்று யோசிக்கவேண்டாம். பனியில் சறுக்கி விழுந்து வலக்கையை மேலே தூக்க முடியவில்லை. டாக்டர் எட்டு வாரத்துக்குச் சிக்மெல்டிங் எழுதித் தந்திருக்கிறார். அந்தத் துண்டு இருந்தால் வேலைக்குப் போகாமலே சம்பளம் வரும். நான் யன்னலடியில் கதிரையைப் போட்டு, கீழே கார் நிறுத்துமிடத்தில் பனி வழிக்கிற வண்டி போய் வருவதைப் பார்க்கிறேன். ஒன்றும் தோன்றுவதில்லை. துக்கமும் இல்லை. அவர் வேலையால் வந்து "சாப்பிட்டனீரோ" என்று கேட்டால்தான் சாப்பிடவில்லை என்று நினைவு வரும்.

மரீசா இரண்டு தரம் வீட்டுக்கு வந்தா. எங்கள் பற்றிஸ் மாதிரி ஒரு பலகாரம் செய்துகொண்டு வந்தா, உள்ளே இறைச்சியும் முட்டையும். மிளகாய் போட மறந்துவிட்டா என்று அவர் குறை சொல்லிச் சொல்லியே ஆறு சாப்பிட்டார். போன மார்புக்கு ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறாவாம். குசினி மேசையில் தட்டிப் பாடிக் காட்டினா. "நீ போய்விட்டாய், நான் நிற்கிறேன், சட்டை மட்டும் இரண்டு பேருக்கும் தைத்திருக்கிறது" என்று வருகிறது. துஷ்யா சிரித்தாள், பிறகு எழும்பிக் குளியலறைக்குப் போய்விட்டாள்.

ஒக்டோபரில் எங்கள் மண்டபத்தில் பெரிய கச்சேரி. ஐந்து பாஷையில் ஐந்து பெண்கள் ஏறி ஆளுக்கு நாலு வசனம் சொல்லவேண்டுமாம். தமிழுக்கு என்னைக் கேட்கிறா. ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தாலும் திறக்காமல் வைக்கிற பெண்கள், தங்கள் பாஷையில் ஒருத்தி சொன்னால் கேட்பார்கள் என்கிறா.

பாமா

*

எல்லிங்ஸ்ருட்
02.04.2006

அன்புள்ள பெரியம்மா,

நான் துஷ்யா. நீங்களும் நிலானி அக்காவும் சுகமோ? என்ரை தமிழிலை பிழை இருந்தால் மன்னியுங்கோ. சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்திலை படிச்சது இவ்வளவுதான்.

அம்மா விழேல்லை. பெப்ரவரி 27 அம்மாவுக்கு ஒப்பரேஷன் நடந்தது. வலப்பக்கம் மார்பிலை புற்றுநோய். முழுக்க எடுத்திட்டினம். மரீசா கேட்டபடியால்தான் அம்மா தொட்டுப் பாத்தவ, இல்லாட்டில் தெரியாது. அம்மா அழேல்லை. வீட்டுக்கு வந்த மூண்டாம் நாள் இடக்கையாலை குசினி அலுமாரி எல்லாம் துடைச்சவ. எனக்கு அதுதான் பயம்.

டாக்டர் சொல்லுறார், அம்மம்மாவுக்கும் இது இருந்ததெண்டால் எனக்கும் இரத்தம் எடுத்துப் பாக்கவேணுமாம். நிலானி அக்காவும் பாக்கவேணும், நீங்களும் பாக்கவேணும். அம்மா படிவத்திலை காய்ச்சல் எண்டு எழுதியிருக்கிறா. அதாலை எனக்கு டெஸ்ட் தேவையில்லை எண்டு விட்டிட்டினம். பெரியம்மா, அது காய்ச்சல்தானோ? எனக்கு இருபத்திமூண்டு வயது. எனக்கு உண்மை தெரியவேணும்.

நான் எழுதினது அம்மாவுக்குத் தெரியாது.

உங்கடை பெறாமகள்,
துஷ்யா

*

கொக்குவில்
07.05.2006

அன்பின் பாமா,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளியும் விளக்கு வைக்கிறேன்.

கையால் பாரம் தூக்காதே. நனைந்த துணி பிழியாதே. வேலைக்கு அவசரப்பட்டுப் போகாதே.

இத்துடன் ஒரு சின்னப் பார்சல் வரும். அம்மாவின் நாவல்கரை, அந்த நாவற்பழ நிறக் கரை போட்ட வெள்ளை நூல்சேலை, உனக்கு நினைவிருக்கும். அதைக் கிழித்து, அவித்து, வெயிலில் காயவைத்து அனுப்புகிறேன். கடைத்துணி எதுவும் இவ்வளவு மெத்தென்று இராது. நாலாய் மடித்து, தையல் விளிம்பு வெளியே இருக்கும்படி, ஒரு மூலையைக் கமக்கட்டுக்குள் செருகு. அப்போதுதான் நடக்கும்போது நழுவாது. வியர்வையில் ஊறவிடாமல் நாளுக்கு மூன்று தரம் மாற்று. முழுச்சேலையையும் அனுப்பவில்லை, பாரம் கூடிவிடும்.

கலியாணம் ஆவணியில் கொழும்பில் என்று பேசியிருக்கிறது. மாப்பிள்ளை அங்கிருந்து வந்து தாலி கட்டிவிட்டுப் போவார், விசா வந்ததும் நிலானி போவாள். இந்தச் சமயத்தில் மேடை, நாலு வசனம் என்று ஒன்றும் வேண்டாம். நோர்வேயில் இருக்கிற தமிழர் ஒரு கைபிடி. ஒஸ்லோவில் நீ வாயைத் திறந்தால் அடுத்தநாள் துரொண்ட்ஹெய்மில் கேட்கும்.

துஷ்யாவை வடிவாய்ப் படிக்கச் சொல்லு.

அக்கா

*

எல்லிங்ஸ்ருட்
16.06.2006

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம் என்றுதான் இந்தமுறையும் எழுதுகிறேன். கை பழகிவிட்டது.

பார்சல் வந்தது. கையில் விழுந்த அடிக்கு நெஞ்சுக்குத் துணி அனுப்பியிருக்கிறீர்கள். துஷ்யாவைக் கேட்டேன், எழுதியதை ஒப்புக்கொண்டாள். நான் ஏசவில்லை. எனக்கு இரண்டு மாதமாக ஏசுகிற பலமும் இல்லை.

உங்களிடம் மறைத்ததற்கு என்ன சொல்வது. நிலானியின் காரியம் நடக்கிற நேரம் எதற்கு என்று நினைத்தேன். அவ்வளவுதான். ஐந்து கிழமை நெஞ்சுக்குக் கதிர்வீச்சுப் பிடித்தார்கள். தோல் கருகி உரிந்தபோது உங்கள் துணியைத்தான் வைத்தேன். நீங்கள் சொன்னபடி நாலாய் மடித்து, விளிம்பை வெளியே விட்டு, மூலையைக் கமக்கட்டுக்குள் செருகினேன். நழுவவில்லை. ஆஸ்பத்திரித் தாதி பார்த்து, "இதை ஆர் உங்களுக்குக் காட்டித் தந்தது? நல்லாத் தெரிஞ்ச ஆள்தான்" என்றா.

அக்கா, ஒப்பரேஷன் நடந்தது என்று துஷ்யா எழுதியிருப்பாள். துணியை எப்படி மடிப்பதென்று அவளுக்குத் தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?

அம்மா எதில் போனவ?

எனக்காகக் கேட்கவில்லை. எனக்கு வந்தது வந்துவிட்டது. துஷ்யாவை டாக்டர் பார்க்கவேண்டுமென்றால் நான் அந்தப் படிவத்தில் ஒரு சொல்லை மாற்றவேண்டும். அந்தச் சொல் உங்களிடம் இருக்கிறது.

பாமா

*

கொக்குவில்
20.07.2006

அன்பின் பாமா,

சுகம். சுகமறிய ஆவல்.

ஓகஸ்ட் 31 நாள் வைத்திருக்கிறது. கூறை எடுத்தாயிற்று. நாங்கள் ஓகஸ்ட் நடுவில் கொழும்புக்கு வெளிக்கிடுகிறோம். எனக்குக் கொஞ்சம் அலுப்பு, அதனால் பலகாரத்துக்குப் பக்கத்து வீட்டு மேரியம்மா வந்து நிற்கிறா.

நீ கேட்டதற்கு இப்போது எழுதமாட்டேன். நிலானி போய்ச் சேரட்டும். பிறகு எல்லாம் சொல்கிறேன். அதுவரையில் மேடையில் ஏறமாட்டேன் என்று எனக்கு ஒரு சொல்லுத் தா. நான் உன்னிடம் வேறு என்ன கேட்டிருக்கிறேன்.

அக்கா

*

எல்லிங்ஸ்ருட்
17.09.2006

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமோ இல்லையோ என்று தெரியாமல் எழுதுகிற கடிதம் இது. நாங்கள் இருக்கிறோம்.

சண்டை தொடங்கிப் பாதை பூட்டி ஐந்து கிழமை. போன் எடுத்தால் இரைச்சல் மட்டும். யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில் தபால் போகிறதாம், அதனால் எழுதிப் போடுகிறேன். இந்திரகுமார் விமான ரிக்கற்றை நிற்பாட்டிவிட்டுத் துரொண்ட்ஹெய்மிலேயே நிற்கிறார். மூன்று நாளுக்கு ஒரு தரம் எடுத்து, "அன்ரி, ஏதும் தெரிஞ்சதோ?" என்று கேட்பார். இல்லை என்று சொல்லி வைப்பேன்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். செய்தியில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது தொலைக்காட்சித் திரையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். பிறகுதான் அது வீட்டுத் தொலைக்காட்சி, நான் வேலையில் இல்லை என்று தெரிகிறது.

மரீசாவுக்கு நோய் எலும்பில் திரும்பி வந்துவிட்டது. கச்சேரியை நிறுத்தமாட்டாவாம். நீங்கள் கேட்ட சொல் இதோ. ஓம் அக்கா. ஏறமாட்டேன்.

பாமா

*

எல்லிங்ஸ்ருட்
30.10.2006

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கவேண்டும்.

கச்சேரி போன சனிக்கிழமை பின்னேரம் நடந்தது. மண்டபம் நிறைந்த சனம். மரீசா ஒரு கதிரையில் இருந்துதான் பாடினா. தூசி மெஷின் பாட்டுக்கு எல்லாரும் எழும்பி ஆடினார்கள். பிறகு பொய்முடியைக் கழற்றி மைக் கம்பியில் மாட்டிவிட்டு, மார்புப் பாட்டைப் பாடினா. யாரும் கை தட்டவில்லை. தட்ட மறந்துவிட்டார்கள்.

பிறகு ஐந்து பாஷை. நோர்வேஜியன், ஸ்பானிய மொழி, சோமாலி, உருது. ஒவ்வொருத்தியாக நாலு வசனம் சொல்லி இறங்கினார்கள். நான் திரைச்சீலைக்குப் பக்கத்தில் கதவுத் திறப்புக் கோர்வையோடு நின்றேன். மரீசா திரும்பி என்னைப் பார்த்தா. நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று. அவ கொஞ்ச நேரம் மைக்கைச் சும்மா விட்டு வைத்திருந்தா. பிறகு அடுத்த பாட்டைத் தொடங்கினா. அந்தச் சும்மா இருந்த நேரம்தான் அக்கா தமிழுக்கு வந்தது.

முடிந்த பிறகு பெண்களின் கழிவறைப் பக்கம் மூன்று தமிழ்ப்பெண்கள் என்னை மறித்தார்கள். "எங்கடை பாஷையிலை ஒருத்தரும் இல்லையோ? பேப்பரிலை தமிழும் இருக்கெண்டு போட்டிருந்தினம்" என்று ஒருத்தி கேட்டா. நான் மூன்று பேரையும் துடைப்பம், வாளி வைக்கிற அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். அங்கே சொன்னேன். என் பெயர் சத்தியபாமா. எனக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. கையால் தொட்டுப் பாருங்கோ. கட்டி இருந்தால் மறைக்காதேங்கோ. அவ்வளவுதான். ஒருத்தி வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்துவிட்டா. அவவுக்கு இருக்கிறதாம். யாருக்கும் சொல்லவில்லையாம். இன்று காலை நானே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

உங்களுக்குத் தந்த சொல்லை உடைத்தேனோ இல்லையோ எனக்குத் தெரியவில்லை. மேடையில் ஏறவில்லை.

கச்சேரி அன்று இரவு கீழே வந்தால் வாசலில் இந்திரகுமார். ஏழு மணித்தியாலம் ரயிலில் வந்திருக்கிறார். "தமிழிலையும் ஆரும் கதைப்பினம் எண்டுதான் அன்ரி வந்தனான்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த ஒக்டோபரும் மரீசா தமிழுக்கு இடம் வைத்திருப்பாவாம், தான் இருந்தால். நான் அதை நினைத்து அழப் பார்த்தேன். வரவில்லை.

பாமா

*

கொக்குவில்
05.09.2006
(ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தது 09.01.2007)

பாமா,

இந்தமுறை சுகம் என்று தொடங்கக் கை வரவில்லை. அப்படித் தொடங்கித்தான் உனக்குப் பதினாறு வருடம் பொய் எழுதினேன்.

பாதை பூட்டு. கொழும்புக்கு ஒருவரும் போகமுடியாது. அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. கலியாண நாள் போன வியாழக்கிழமை வந்து போனது. நிலானி கூறையை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு உடுப்புத் தோய்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எதைக் காப்பாற்ற இவ்வளவும் மறைத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. மார்பில்தான். 89 ஆடியில் அவ குளிக்கும்போது கண்டேன். அதற்கு முன்னமே ஒரு வருடம் மறைத்திருக்கிறா. டாக்டரிடம் போவோம் என்று காலில் விழுந்தேன். "உனக்கும் பொம்பிளைப்பிள்ளை, அவளுக்கும் பொம்பிளைப்பிள்ளை. குடும்பத்திலை இருக்கெண்டு தெரிஞ்சால் ஆர் எடுப்பினம்? பாமாவுக்கும் எழுதாதை" என்று சத்தியம் வாங்கினா. பிறகு புண்ணாகிவிட்டது. பதினோரு மாதம் நான்தான் கழுவித் துணி வைத்தேன். அவவின் நூல்சேலைகளைக் கிழித்துக் கிழித்து, கடைசியில் அந்த நாவல்கரை மட்டும் மிஞ்சியது. எப்படி மடித்தால் நழுவாது என்று அப்படித்தான் படித்தேன்.

படிவத்தில் மாற்றி எழுது. துஷ்யாவை உடனே பார்க்கச் சொல்லு. பிள்ளை அழகாகத் தமிழ் எழுதுகிறாள். நான் மறுமொழி போடாததற்கு என்னை மன்னிக்கச் சொல்லு.

நிலானிக்கு இன்று காலை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "இந்திரகுமாருக்கு நானே எழுதுறன் அம்மா. தெரிஞ்சுகொண்டு வாறதெண்டால் வரட்டும்" என்றாள். இதே தபாலில் அவருக்கும் போடுகிறாள்.

நான் கேட்ட சொல்லை எனக்குத் தரவேண்டாம். ஒக்டோபரில் ஏறு. உன் பெயரைச் சொல்லு, அம்மாவின் பெயரையும் சொல்லு. அந்தப் பாட்டுக்காரியை நான் பழித்து எழுதினேன். அவ கேட்காவிட்டால் எனக்குத் தங்கை இல்லை. நான் சொன்னதாக அவவுக்கு வணக்கம் சொல்லு. கச்சேரிக்கு முன் இந்தக் கடிதம் உன்னிடம் வந்துவிடவேண்டும் என்று கப்பல் தபாலில் போடுகிறேன்.

இன்னும் ஒன்று. எனக்கும் போன மார்கழியில் இருந்து இருக்கிறது. இடப்பக்கம். அம்மாவைப் பற்றி நீ கேட்ட முதற்கடிதம் வந்தபோதே இருந்தது. கொழும்புக்குப் போய்க் கலியாணம் முடிந்த கையோடு காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

பார்சலுக்குப் பாரம் கூடும் என்று எழுதியது பொய். சேலையில் பாதியைத்தான் உனக்கு அனுப்பினேன். மற்றப் பாதி எனக்கு வேண்டியிருக்கிறது.

உன் அக்கா